கொள்ளா நோன்பு

சென்ற ஆண்டுத் திருவெம்பாவைக் காலத்திலே, முன்னாளில் எம்மிடம் கற்று இப்பொழுது கொழும்பில் உத்தியோகம் பார்க்கும் இளைஞரொருவர் பதுளைக்கு வந்திருந்தபோது எம்மையும் கண்டுசென்றார். பேச்சினிடையே ஒரு சமாசாரம் கூறினார். அவருடைய காரியாலயத்து இளைஞர் சிலர், உணவும் மருந்தும் வீட்டு வாடகையும் ஒழிந்த வேறெதனையும் ஒரு மாதத்துக்கு வாங்குவதில்லை என்று தமக்குள் சபதஞ் செய்து, யார் வழுவாது காப்பார் என்று போட்டியிட்டு வருகின்றனராம். இது தவமா, உலோபமா, வெறும் விளையாட்டா என்பது அவர் வினா. ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டு கழித்தவர்க்கு அறியாத வினாவுக்கும் உடனே விடை சொல்லும் வழக்கம் படிந்துவிடும். அன்று எவ்வாறோ அதனின்றுந் தப்பினோம். செய்து பார்த்துச் சொல்வோம் என்றோம்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் தொடங்கி ஒரு மண்டலம், அதாவது 48 நாள், என வரையறுத்துக்கொண்டோம். அரிசி, மா, பருப்பு, மரக்கறி, எண்ணெய், மருந்து, பஸ் கட்டணம், மின்சாரமும் தண்ணீரும், பிள்ளைகளின் கல்விக்கு இன்றியமையாதன, கோயிற் கடமை என்னுமிவை நீங்கலாக ஒரு ரூபாயும் செலவிடலாகாது என்பது விதி. விலைக்கு வாங்குதலைக் கொள்ளுதல் என்றல் பழைய வழக்காதலின், கொள்ளா நோன்பு என்று அதற்குப் பெயருமிட்டோம். பெயரிட்டவுடன் பாதிக் காரியம் முடிந்தது போலத் தோன்றுவது எம்போலியர்க்குள்ள நோய். எம் மனைவியார் இதனை மறுத்திலர். மறாமையை உடன்பாடு என்று யாம் கொண்டது பிழை. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

இத்தகைய நோன்பு இன்று தோன்றியதன்று. யாம் பயின்றது மிஷனார் நிறுவிய பாடசாலை. ஆங்கே ஈஸ்டருக்கு முற்பட்ட நாற்பது நாளில் பிள்ளைகள் தத்தமக்கு விருப்பமான பண்டமொன்றை விட்டு, அக்காசை ஓர் உண்டியலில் இடுவர். சைவப் பிள்ளைகளாகிய யாமும் இட்டோம். கந்தசட்டி ஆறு நாளும் வீட்டில் நோற்றுப் பழகிய எமக்கு அஃது அயலாகத் தோன்றவில்லை. உண்டியற் கணக்கை வகுப்பிலே உரத்து வாசித்தமை மாத்திரம் புதுமையாயிருந்தது. யப்பான் தேசத்திலே ஹனி மோட்டோகோ என்னும் பத்திரிகையாசிரியை 1904ஆம் ஆண்டில் இல்லத்தரசியர்க்கெனக் கணக்கேடொன்றை வெளியிட்டார். செலவை எழுதுதலே செலவை அடக்கும் என்பது அதன் கருத்து. அவ்வகை ஏடு இன்றும் அங்கே வழங்குகின்றது. கனடாவின் வான்கூவர் நகரிலே டெட் டேவ் என்னும் ஓவியர் 1992ஆம் ஆண்டில் ஒன்றும் வாங்காத நாள் ஒன்றை ஏற்படுத்தினார். அது பின்னர், அமெரிக்கர் கடைவாயில்களிலே முண்டியடிக்கும் நவம்பர் மாதத்து வெள்ளிக்கிழமையையே தனக்கு நாளாக்கிக்கொண்டது. விரதத்துக்கு நாள் தேர்வதிலே எம்மவர்க்கு அவர் இளைத்தவரல்லர்.

எம்மூர்க்கு அணித்தான சான்றும் உண்டு. 1927 நவம்பரிலே காந்தியடிகள் இலங்கைக்கு எழுந்தருளிக் கதர் நிதிக்குப் பொருள் திரட்டியபோது பதுளைக்கும் வந்து பேசினார். அந்த யாத்திரையில் அவர் சனங்களிடத்திற் கேட்டவை இரண்டு: கையிலுள்ளதைக் கொடுத்தல், மதுவையும் அந்நியத் துணியையும் விடுத்தல். கொடுத்தலையும் விடுத்தலையும் ஒருங்கே அவர் கேட்டமையின் கருத்து, நோன்பு தொடங்கியபோது எமக்குப் புலப்படவில்லை.

முதல் இருவாரமும் எம்மை யாமே வேவு பார்ப்பதிற் கழிந்தன. பாடசாலை விட்டுப் பஸ் நிலையத்தை அணுகும்போது கை தானே சட்டைப் பைக்குட் செல்லும். ஏன் சென்றது என்று கேட்டால் அதற்கு விடையில்லை. பசியில்லை, தேவையில்லை, விருப்பமும் இல்லை. பழக்கம் மாத்திரமே உளது. எமக்குள்ள பலவீனம் பேனை. வீட்டில் எழுதும் பேனைகள் பதினேழு இருப்பதை அந்நாட்களிலேதான் எண்ணிப் பார்த்தோம். கைப்பேசியோ, இரவு பத்து மணிக்கும் ஒரு பண்டத்தைக் காட்டி விலை குறைந்தது என்று அழைக்கும். முற்காலத்தில் ஆசைக்குக் கடைவீதி வரையேனும் நடக்கவேண்டியிருந்தது. இப்போது அந்நடையும் இலது. சித்தாந்த சாத்திரங் கற்போர் வாசனை என்பதன் பொருளை உணர்தற்குக் கடைத்தெருவிலும் சிறந்த பாடசாலை வேறில்லை. வினை செய்து முடிந்த பின்னும் அதன் சாயை மனத்தில் நின்று, அடுத்த வினைக்குத் தானே வித்தாகின்றது.

இவ்வாசையை விளைவிப்பதும் ஒரு தொழில். அத்தொழிலில் தலைநின்றாரொருவர் ஊவாவோடு தொடர்புடையவர். தோமஸ் லிப்டன் என்பார் கிளாஸ்கோ நகரத்து மளிகைக் கடைக்காரர். 1881ஆம் ஆண்டு நத்தாரின்போது மிகப்பெரிய பாற்கட்டியொன்றினுள்ளே பொற்காசுகளைப் பொதிந்து துண்டு துண்டாக விற்றவர். பாற்கட்டி வேண்டாதாரும் பொற்காசை எண்ணி முண்டியடித்து வாங்கினர். அவரே 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, அப்புத்தளைக்கு மேலுள்ள தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கி, தேயிலையைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு வருகின்றது என்று விளம்பரஞ் செய்து உலகமெங்கும் விற்றார். அவர் இருந்து பார்த்த குன்றினை இன்றும் பிரயாணிகள் சென்று காண்கின்றனர். வேண்டும் என்னும் எண்ணத்தை எங்கோவுள்ள நகரத்தாருடைய மனத்திலே பயிரிட்டவர் அவர். அதன் கொழுந்தைக் கிள்ளியவர் எம் மாணாக்கர் பலருடைய பாட்டன்மாரும் பாட்டிமாரும். இதனை வகுப்பிற் சொன்னபோது பிள்ளைகள் பாற்கட்டிக் கதைக்கே சிரித்தனர், மற்றதற்குச் சிரித்திலர்.

இது நிற்க. வாங்காதிருத்தலே மனத்தைத் திருத்துமாயின், எம் நாட்டார் யாவரும் இந்நேரம் திருந்தியிருத்தல் வேண்டும். 2022ஆம் ஆண்டினை எவரும் மறந்திரார். ஏப்பிரில் 12ஆந் தேதி அரசாங்கம் அந்நியக் கடனை இறுக்க இயலாதென்று அறிவித்தது. ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாயாயிருந்தது 360 ரூபா வரையிற் சென்றது. செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. அவ்வாண்டிலேயே தாள் இன்மையால் மேல் மாகாணத்துப் பாடசாலைகளிற் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் இரவிரவாக வரிசையில் நின்றோம். அப்போது நாடு முழுவதும் நோன்பிருந்தது. ஆயினும் கடைகளில் மீண்டும் சரக்கு நிரம்பியபோது எமது கையும் மீண்டும் சட்டைப் பைக்குள் முன்போலவே சென்றது. ஆதலின் கிடையாமையாற் கொள்ளாதிருத்தல் மனத்தில் ஒரு சுவட்டையும் வைப்பதில்லை. நோன்பென்பது கொள்ளவல்லான் கொள்ளாமையேயாம்.

அற்றேல், உலோபியும் கொள்ளவல்லானாயிருந்தே கொள்ளாதவனன்றோ, அவனை நோன்பியென்னலாமோ என ஆசங்கிப்பார் உளர். உலோபியின் கண் காசின்மேலது, நோன்பியின் கண் தன் ஆசையின்மேலது என்று விடை கூறுதல் எளிது. யாமும் நோன்பின் முதல் வாரத்திலே அவ்வாறே கூறியிருப்போம். ஆனால் மூன்றாம் வாரத்தில் நிகழ்ந்ததை ஒளியாது கூறவேண்டும். அன்றாடம் மிஞ்சிய காசை எழுதிவைத்த கொப்பியை இரவிலே எடுத்துக் கூட்டிப் பார்ப்பதில் எமக்கு ஓரின்பம் பிறந்தது. இன்று 240, நேற்றோடு 4,100 என்று எண்ணும்போது நெஞ்சு குளிர்ந்தது. பேனையை விரும்பிய மனம் தொகையை விரும்பக் கற்றுக்கொண்டது. ஆசை இடம் பெயர்ந்ததேயன்றி ஒழிந்ததில்லை. உலோபிக்கும் எமக்கும் இடையே யாம் கட்டிய மதில் மிக மெல்லியது என்பதை அக்கொப்பியிலே கண்டோம்.

நான்காம் வாரத்திலே வேறொன்று நேர்ந்தது. எம் பாடசாலை வாயிலிலே முதியவரொருவர் கச்சான் விற்பார். பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே நெடுங்காலம் வேலை செய்து ஓய்ந்தவர். யாம் நாடோறும் 50 ரூபாய்க்கு ஒரு சரை வாங்கி, பஸ்ஸிலிருந்தவாறே கொறிப்பது பல்லாண்டு வழக்கம். நோன்பு தொடங்கியபின் அவர்முன்னே தலையைக் குனிந்துகொண்டு கடந்துபோனோம். ஒருநாள் அவர் எழுந்து வந்து, தம் கச்சானில் ஏதும் பழுது கண்டோமோ என்று வினாவினார். இல்லை, நோன்பு என்றோம். கச்சானுக்கும் நோன்புண்டோ என்று அவர் வியந்து, பின்னர் மறுமொழியின்றித் திரும்பிச் சென்றார். எமது கொப்பியில் ஏறிய 50 ரூபா அவர் மடியினின்றும் இறங்கியதென்பதை அந்தக் கணம்வரை யாம் எண்ணியதேயில்லை.

மேனாட்டு அறிஞருள்ளும் இது வழக்கிட்ட பொருள். 1714ஆம் ஆண்டிலே பேர்னாட் மண்டவில் என்பார் தேனீக்களைப் பற்றிய கதையொன்றினாலே, தனிமனிதரின் ஆடம்பரமே நாட்டாரின் பிழைப்பு என்று வாதித்தார். 1936இலே கெயின்ஸ் என்னும் பொருளியலறிஞர், யாவரும் ஒருங்கே சேமிக்கப் புகுந்தால் யாவரது வருவாயும் குன்றுமென்று காட்டினார். ஆயினும் இவ்வாதங்கள் எமக்கு முழுதும் உடன்பாடல்ல. ஆடம்பரத்தை அறமென்று கூறுதல், நோயாளியால் வைத்தியர் பிழைக்கின்றாராதலின் நோய் நன்று என்பதோடொக்கும். ஆனால் அவர்கள் தொட்ட உண்மையொன்றுண்டு: செலவு என்பது ஒருவனுடைய மனத்தோடு முடிவதன்று, அதன் மறு நுனியை வேறொருவர் பற்றிக்கொண்டு நிற்கின்றார். கைப்பேசியிலே அழைக்கும் பெருவணிகர் எமது நோன்பை அறியார், அறிந்தாலும் வருந்தார். அறிந்ததும் வருந்தியதும் சரை சுற்றிய கை. யாமோ இருசாராரையும் ஒரே விதியில் அடைத்தோம்.

இதனோடு எம் பேதைமை முடிந்ததன்று. நோன்பின் மாண்பைப் பத்தாம் வகுப்பிலே பெருமையோடு எடுத்துரைத்தோம். ஒரு மாணவன் எழுந்து, பணிவு குறையாமலே, “எங்க வீட்டுல எல்லா மாசமும் அந்த நோன்புதான், சேர்,” என்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. யாமும் சிரித்தோம். மாலையில் வீட்டுக்குச் சென்றபின் அச்சிரிப்பு எமக்குக் கசந்தது.

அவன் தாயார் கொழுந்தெடுப்பவர். காலையிற் பெரட்டுக்களத்திற் பேர் கொடுத்து, நிர்ணயித்த கிலோ எடுத்தாலன்றி முழுப்பேர் கிடையாது, குறைந்தால் அரைப்பேர். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021 மார்ச்சிலே 1,000 ரூபாயாகவும், 2024 செப்டெம்பரிலே அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. உயர்ந்தமை மெய்யே. ஆனால் சம்பளச் சீட்டினை வாங்கிப் பார்ப்போர் அதன் வலப்பக்கத்தையும் வாசித்தல் வேண்டும். சேமலாப நிதிக்கு 8 வீதம், தொழிற்சங்கச் சந்தா, தீபாவளிக்கு வாங்கிய முற்பணத்தின் தவணை, தேயிலைத் தூள் என்று ஒவ்வொன்றாகக் கழிந்து கைக்கு வருவது கடைக்காரரின் கடன் கொப்பிக்கே போதாது. முற்காலத்தில் துண்டு முறை இருந்தது. தொழிலாளி பட்ட கடனை ஒரு துண்டுத் தாளில் எழுதுவர்; அக்கடனை இறுக்குந் துரையின் தோட்டத்துக்கு அவன் குடும்பத்தோடு மாறுவான். 1921ஆம் ஆண்டின் சட்டம் அதனை ஒழித்தது. துண்டு ஒழிந்தும் கொப்பி ஒழிந்திலது. செலவு யாவும் பணம் கையை அடையுமுன்னரே முடிந்துவிடும் வீட்டில், வாங்குவதா விடுவதா என்னும் வினாவுக்கே இடமில்லை. இடமில்லாத இடத்தில் நோன்பும் இல்லை.

ஆகவே, வறியார் கொள்ளாமையை நோன்பென்று புகழ்தல் பொய். அவரிடத்திற் சென்று சிக்கனம் போதித்தல் அதனினும் பொல்லாதது. கூலிகள் வீண்செலவு செய்கின்றனர், திருவிழாவிலும் சாராயத்திலும் அழிக்கின்றனர் என்பது தோட்டத்துரைமார் காலந்தொட்டு மலைநாட்டிற் கேட்கப்படும் பல்லவி. சாராயம் கேடென்பதை யாமும் மறுக்கவில்லை. அதனை விடவேண்டுமென்று கூறவும் செய்வோம். ஆனால் ஆண்டிலொருநாட் பிள்ளைக்குப் புதுச்சட்டை வாங்குவதை வீண்செலவென்று கூறுவார், பேனை பதினேழு வைத்திருக்கும் எம்மைப் போன்றாரேயாவர்.

இவ்விடத்திலே குங்கிலியக்கலய நாயனார் வரலாறு நினைவுக்கு வந்தது. திருக்கடவூரிலே வாழ்ந்த அப்பெரியார் வறுமையுற்றார். மக்கள் பசியால் வாடுவதைக் கண்ட மனைவியார், தம் தாலியைக் கழற்றி நெல் வாங்கிவருமாறு கொடுத்தார். வழியிலே குங்கிலியப் பொதியோடு வணிகனொருவன் எதிர்ப்பட, நாயனார் தாலியைக் கொடுத்துக் குங்கிலியத்தை வாங்கிக்கொண்டு திருக்கோயிலுக்குச் சென்றார். அன்றிரவே இறைவன் அருளால் அவர் மனை செல்வத்தால் நிரம்பியது. யாம் சிறுவராயிருந்தபோது பாடசாலையிலே ஓராசிரியர் இக்கதையை எடுத்து, உங்கள் அடியார் பிள்ளைகளைப் பட்டினியிட்டார் என்று இகழ்ந்தார். அன்று எமக்கு மறுமொழி தெரியவில்லை. பின்னர்ப் புராணம் கற்று, அன்பின் எல்லையைக் காட்டுதற்கு வந்த கதையென்று மறுமொழி பயின்றோம். முப்பது ஆண்டாக அதனையே மாணாக்கர்க்கும் கூறினோம். அது தவறன்று. நாயனார் தமக்கென ஒன்றும் கொண்டாரல்லர் என்பதும் நோக்கத்தக்கது. ஆனால் அந்த அம்மையார் அன்றிரவு, நெல் வரும் நெல் வரும் என்று வாயிலைப் பார்த்திருந்ததை யாம் வகுப்பில் ஒருபோதும் எடுத்துப் பேசியதில்லை. கணவனார் செய்த தியாகத்தின் பாதி, கேளாமலே மனைவியார் தலைமேல் ஏற்றப்பட்டது. அருளால் முடிவு நன்றாயிற்று. எம்போன்றார் இல்லத்தில் அவ்வாறு நிரம்பும் என்பதற்கு உறுதியில்லை.

இதனை எமக்கு உணர்த்தியது புராண ஆராய்ச்சியன்று. நோன்பின் 30ஆம் நாளளவில், கைப்பிடி கழன்ற தாச்சியைத் துணியாற் பிடித்து இறக்கிய எம் மனைவியார் கையைச் சுட்டுக்கொண்டார். புதியது வாங்கலாகாது என்பது விதி. மருந்து பூசிக்கொண்டிருந்தபோது அவர் அமைதியாகவே சொன்னார்: நோன்பு உங்களுக்கு, சமாளிப்பு எனக்கு. அப்போதுதான் வீட்டைச் சுற்றிப் பார்த்தோம். கிழிந்த சன்னற் சீலை குண்டூசியால் இணைக்கப்பட்டிருந்தது. தேய்ந்த விளக்குமாறு கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. விருந்தினர் வந்தபோது பிசுக்கோத்து இல்லாமையால் அவர் அவசரமாக உழுந்து அரைத்து வடை சுட்ட நாள்கள் மூன்று. எமது கொப்பியிலே ஏறிய ரூபாய்களிற் பல அவருடைய உழைப்பு ரூபாயுருவம் பெற்றவையே. யாம் துறந்தது பேனையும் கச்சானும். அவற்றை விட்டது கூட ஒருவருக்கு உபகாரமாகவில்லை.

மறுநாளே தாச்சி வாங்கினோம். கச்சான் முதியவரிடத்தும் சரை வாங்கினோம்; அவர் காரணம் கேட்கவில்லை, ஒரு பிடி கூடவே போட்டார். நோன்பு முறிந்ததென்று சொல்வார் சொல்லுக.

48ஆம் நாள் முடிவிலே தகரப் பேணியில் 11,280 ரூபா இருந்தது. எம் இளமையில் வீட்டுப் பெண்டிர் சோறு சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை வேறு கலத்தில் இட்டுவைப்பர். பிடியரிசி என்னும் அவ்வழக்கத்தால் மடங்களும் சைவப் பாடசாலைகளும் வளர்ந்ததுண்டு. குறைத்ததும் கொடுத்ததும் அங்கே ஒரே செய்கை. இடையில் எண்ணிப் பார்க்கும் இரவு இல்லை. அந்நினைவினாலே, பேணியிலுள்ள பணத்தை அம்மாணவன் வீட்டாருடைய கடன் கொப்பியில் வரவு வைக்குமாறு கடை முதலாளியிடம் மறைவாகக் கொடுத்தோம். நல்ல காரியஞ் செய்தோமென்று நன்றாக உறங்கினோம். பன்னிரண்டாம் நாள் மாணவனின் தந்தையார் எம் வாயிலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. “மாஸ்டர், உங்க மேல மரியாதை இருக்கு. ஆனா எங்க பக்கத்த நாங்கதான் வெட்டணும்,” என்றார். கடைக்காரரைக் கொண்டு கணக்கைப் பழையபடியே எழுதுவித்திருந்தார். பணம் அன்று மாலையே முதலாளி கையால் எமக்குத் திரும்பி வந்தது.

கொடுத்தலும் ஒரு கொள்ளுதலாக மாறும் என்பதை யாம் அதன்முன் அறிந்திலோம். அவர்களறியாமலே அவர்களிடத்திலிருந்து ஒரு நன்றியை விலைக்கு வாங்க முயன்றோம். அவர் விற்க மறுத்தார். மறுத்தது அவர்க்குள்ள உரிமை. அவரிடத்தில் எஞ்சியிருந்த, கொள்ளாதிருக்கும் சுதந்தரம் அஃதொன்றே போலும்.

எம் மனைவியார் இதற்காக ஒருவரையும் கடிந்திலர். மாணவனின் தாயார் ஞாயிற்றுக்கிழமைகளில் தையல் வேலை செய்வதை எவ்வாறோ அறிந்துவந்து, சன்னற் சீலைகளுக்குத் துணியும் அளவும் கொடுத்தார். அவ்வம்மையார் 1,800 ரூபா கூலி கேட்டார். யாம் 2,500 கொடுக்கலாமென்றோம். கேட்டதைத்தான் கொடுக்கவேண்டும் என்று மனைவியார் 1,800 ரூபாயையே எண்ணிக் கொடுத்தார். சீலை நன்றாய் அமைந்தது. ஓரத்தையல் சிறிது கோணியதை அவர் பிரித்துத் திருப்பித் தைப்பித்தும் கொண்டார். மிகுந்த பணம் இன்னும் பேணியிலேயே இருக்கின்றது.

கொழும்பு இளைஞர்க்கு இவற்றையெல்லாம் கடிதமாக எழுதினோம். தவமா உலோபமா விளையாட்டா என்ற வினாவுக்கு, மூன்றும் ஒரே மண்டலத்தில் எம்மிடத்தே இருந்தன என்றுதான் விடை எழுத இயன்றது. அவருடைய நண்பர்களில் ஒருவர் மாத்திரம் சபதத்தை முடித்தாரென்றும், முடித்த மறுநாளே புதிய கைப்பேசி வாங்கினாரென்றும் அவர் எழுதியிருந்தார். எமக்கு நகைக்கத் தகுதியில்லை. 49ஆம் நாள் யாம் இரண்டு பேனை வாங்கினோம்.

வருகிற தையிலே மறுபடியும் ஒரு மண்டலம் நோற்க எண்ணியுள்ளோம். விதிகளை இம்முறை மனைவியார் எழுதுகின்றார். இதுகாறும் எழுதியவற்றுள் முதலாவது, கச்சான் வாங்கலாம் என்பது. இரண்டாவது, பேனை வாங்கலாகாது என்பது. ஆறாவதும் அதுவே.